குணமாக மறுத்த நூர்னிசா

ராஜபாளையத்தில் நூர்னிசாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்களில் இரண்டு வகை உண்டு. கழுத்து இவ்வளவு இறங்கட்டும், கை இவ்வளவு ஏறட்டும் என்று விளக்கிச் சொன்னவர்கள் ஒரு வகை. அளவு ஜாக்கெட்டை நீட்டிவிட்டு வாயைத் திறக்காமல் போனவர்கள் இன்னொரு வகை. இரு வகையினருக்கும் கிடைத்தது ஒரே மாதிரி ஜாக்கெட்தான். நூர்னிசாவுக்கு எது சரியென்று பட்டதோ அது.

"ஒன் கழுத்துக்கு இதுதாம்ட்டி எடுக்கும். வீட்டுல போயி கண்ணாடியில பாரு. பொறவு வந்து சண்டை போடு" என்பாள்.

சண்டை போட யாரும் திரும்பி வந்ததில்லை. ஜாக்கெட் நன்றாக இருந்துதொலைக்கும்.

அவளிடம் இன்னொரு கோளாறும் இருந்தது. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமையே தந்துவிடுவாள். தையல்காரர்களில் இப்படி ஒருத்தி இருப்பதே ஒரு வியாதிதான் என்று அந்தத் தெருவின் மற்றத் தையல்காரர்கள் வருந்தினார்கள். வாயிலிருந்து சொல் வந்துவிட்டால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவள் கட்சி. இந்தக் கட்சிதான் கடைசியில் அவளைக் கொல்லப் பார்த்தது.

அவளுக்கு முதலில் மஞ்சள் கண்டது எண்பத்தைந்தில். கல்யாணமாகி வந்த புதிது. கணவர் அபுபக்கர் பேண்டேஜ் துணி கம்பெனியில் மேஸ்திரி. ஊர் உலகத்துக் காயங்களுக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்புகிறவர். மனைவியின் கண் மஞ்சளானதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருடைய அக்கா ஜரீனாவுக்கு எல்லாமே ஓடியது. வ. புதுப்பட்டியில் பேச்சிமுத்து வைத்தியர் இருக்கிறார் என்று தம்பி மனைவியை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனாள். வைத்தியர் கீழாநெல்லியை அரைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தார். மோரில் கரைத்துக் குடிக்க வேண்டும், உப்பும் கிடையாது, எண்ணெயும் கிடையாது, புளியைக் கனவில்கூடக் காணக் கூடாது என்றார். நூர்னிசா காணவில்லை. கண் வெளுத்தது. வைத்தியரின் புகழ் தென்காசி ரோடு வரைக்கும் பரவியது.

கண் வெளுத்ததும் தெரு தன் கடமையைச் செய்தது. நோய் தீர்ந்தவர் வீட்டில் நேர்ச்சைச் சோறு ஆக்க வேண்டும். பள்ளிவாசல் அசரத் வந்து பாத்தியா ஓதுவார். ஆண்கள் வெளியே பந்தலிலும் பெண்கள் உள்ளேயும் பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேராக உட்காருவார்கள். அந்தத் தட்டுக்குச் சகன் என்று பெயர். ஆனால் ஒருவரும் கை வைக்கக் கூடாது. நோய் தீர்ந்தவர் வாசல்நிலையில் வந்து நின்று, உள்ளேயும் வெளியேயும் கேட்கும்படி, "எனக்குச் சொகமாயிட்டு" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு முதல் பிடியை அவர் வாயில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் தெரு சாப்பிடும். மற்றத் தெருக்களில் இந்த வழக்கம் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "பெரியவிய செஞ்சாக, நாங்க செய்யுதோம்" என்பார்கள். அதற்கு மேல் ஆராய்ச்சி செய்தால் சோறு ஆறிவிடும்.

இதில் ஒரு வசதி இருந்தது. சொல்லியாகிவிட்டால் நோய்க்கும் வீட்டுக்கும் உறவு முடிந்தது. அந்தச் சோற்றைத் தெரு தின்றுவிட்டது. ஆகவே அந்த நோய் திரும்பி வர முடியாது. வந்தால் அது தெருவின் வயிற்றைப் பொய்யாக்குவது.

நூர்னிசாவின் நோய்க்கு இந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. தொண்ணூற்றிரண்டில் திரும்ப வந்தது. இந்தத் தடவை மதுரையில் ரத்தம் பார்த்தார்கள். ஈரலில் பி வகைக் கிருமி இருக்கிறது, எப்போது வந்தது, எந்த ஊசியில் வந்தது என்றெல்லாம் இனிமேல் கண்டுபிடிக்க முடியாது என்றார்கள். அபுபக்கருக்கும் பார்த்தார்கள். இல்லை. அவருக்குத் தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள். மதுரையில் கொடுத்த சத்து மாத்திரையாலோ, படுத்துக் கிடந்ததாலோ, ஜரீனா தர்காவில் ஏற்றிய விளக்காலோ, மஞ்சள் மறுபடி இறங்கியது. மறுபடி நேர்ச்சைச் சோறு. மறுபடி நூர்னிசா நிலைவாசலில் நின்று சொன்னாள். மறுபடி தெரு சாப்பிட்டது. இரண்டாவது தடவை கறி கொஞ்சம் வேகவில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

மூன்றாவது தடவை வந்தது தொண்ணூற்றெட்டில். இப்போது மஞ்சளைவிட அசதி அதிகம். மிஷினின் பெடலை மிதிக்கக் கால் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் சௌந்தரபாண்டியன் என்று ஒருவர் இருந்தார். ஈரல் வைத்தியம் படித்தவர். சிரிக்கப் படிக்காதவர். அவர் ஒரு மாத்திரை எழுதினார்.

"புதுசா வந்திருக்கு. மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சுத் தாரேன். தினமும் ஒண்ணு. இது கிருமியை அடக்கி வைக்கும். அழிக்காது. நீங்களா நிறுத்தினா முன்னைவிட மோசமா எழும்பும். நிறுத்துறதா இருந்தா நான் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது."

"எம்புட்டு நாளைக்குத் திங்கணும் சார்?"

"தெரியாது."

"என்ன சார், டாக்டரே தெரியாதுங்கிய?"

"மருந்து புதுசும்மா. எனக்கு மட்டுமில்லை, யாருக்குமே தெரியாது."

வெளியே வந்ததும் அபுபக்கர், "தெரியாதுங்கிறாரே, வேற டாக்டரைப் பாப்பமா?" என்றார்.

"தெரியாததைத் தெரியாதுங்கிற டாக்டரை இப்பந்தான் பாத்திருக்கேன். இவரே இருக்கட்டும்" என்றாள் நூர்னிசா.

மாத்திரை வேலை செய்தது. சில மாதங்களில் அசதி போயிற்று, சோறு இறங்கியது, ரத்தப் பரிசோதனையில் எண்கள் ஒழுங்குக்கு வந்தன. டாக்டர் சௌந்தரபாண்டியன் சிரிப்பதற்கு மிக அருகில் வந்து, "நல்லா இருக்கு. விட்டுடாதீங்க" என்றார்.

முதல் பாதி தெருவுக்குக் கேட்டது. அடுத்த வாரமே பந்தல்.

இங்கேதான் நூர்னிசா ஒரு தப்பு செய்தாள். அந்தத் தெருவில் வாழ்ந்து ஊறியவர்களைத் தவிர வேறு யாருக்கும் செய்யத் தெரியாத தப்பு. நிலைவாசலில் நின்று, பாத்தியா ஓதிய சோற்றுக்கு முன்னால், எனக்குச் சொகமாயிட்டு என்று சொன்னாள். அன்று இரவு மாத்திரை அட்டையை எடுத்தாள். செத்த நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். சொகமானவளுக்கு மாத்திரை எதற்கு? தின்றால், பகலில் சொன்னது பொய். அல்லாவையும் அசரத்தையும் நூறு சகனையும் வைத்துக்கொண்டு சொன்ன பொய். அட்டையை அலமாரியில் துணிக்கடியில் போட்டுவிட்டாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்ன ஜாக்கெட்டைப் போல, சொன்னதற்காக நிறுத்தினாள்.

கோடை வந்தது. முதலில் கண். பிறகு வயிறு, தண்ணீர் கோத்துக்கொண்டு குடம் போல் வீங்கியது. பிறகு ஒரு காலையில் எழுப்பினால் எழவில்லை. அபுபக்கரைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுக்காரக?" என்று கேட்டாள். அபுபக்கர் வாடகைக் காருக்கு ஓடினார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஜரீனா கட்டிலை விட்டு நகரவில்லை. அவளுக்கும் நூர்னிசாவுக்கும் பதினாலு வருஷமாக ஆகாது. அம்மியை வைக்கும் இடத்திலிருந்து அடுப்புச் சாம்பலைக் கொட்டும் இடம் வரை எதிலும் ஒத்துப்போனதில்லை. அந்த ஜரீனா, நூர்னிசாவின் காலடியில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, "ரப்பே, இவளை எனக்குத் திருப்பிக் குடு. ஒரு கிடா அறுக்கேன்" என்று நேர்ந்துகொண்டாள். சண்டை போட வேறு ஆள் இல்லை என்ற கவலையாகவும் இருக்கலாம். கவலை கவலைதான்.

கண் விழித்துப் பேச்சு தெளிந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிவந்தார்கள். டாக்டர் சௌந்தரபாண்டியன் கட்டிலருகில் வந்து நின்றார்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. சொகமாயிட்டேன்னு நாந்தான் எல்லாருக்கும் சொன்னேன். சொன்னபொறவு தின்னா பொய்யாப் போயிரும்ல?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தெருவுக்குச் சொன்னீங்க. ஈரலுக்குள்ள இருக்கிறதுக்கு அது கேட்கலை. மாத்திரை ஒரு கதவு மாதிரி. உள்ளே இருக்கிறது உள்ளேயேதான் இருக்கு. நீங்க கதவைத் தெறந்து விட்டுட்டீங்க. இன்னொரு தடவை தெறந்தீங்கன்னா நான் மதுரைக்கு அனுப்ப மாட்டேன். நேரா உங்க ஊர்ப் பள்ளிவாசலுக்குத்தான் அனுப்பணும்."

"அப்பம், தின்னுக்கிட்டே இருந்தா வராதா?"

"தின்னுக்கிட்டே இருக்கும்போதும் வரலாம். மருந்துக்குக் கிருமி பழகிப்போகலாம். அதனாலதான் நல்லா இருக்கும்போதும் வந்து ரத்தம் குடுக்கணும்கிறேன்."

நூர்னிசா யோசித்தாள். "அப்பம் நீங்க ஒருநாளும் சொகம்னு சொல்ல மாட்டீய."

"மாட்டேன்."

"சரி. அப்பம் நானும் சொல்லலை" என்றாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஜரீனா வீட்டு வாசலில் ஒரு கிடாக்குட்டி நின்றது. கறுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. நேர்ச்சைக் கிடாவை யாரும் அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. இது கிடாவுக்கும் தெரிந்திருந்தது. மளிகைக் கடை வாழைப்பழம், அசரத் வீட்டு முருங்கை, நூர்னிசாவின் மிஷினடியில் கிடந்த வெட்டுத்துணி எல்லாம் அதன் சொத்து. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அளவுக்கென்று கொடுத்திருந்த ஜாக்கெட்டின் ஒரு கையையும் தின்றது. நூர்னிசா அந்த அம்மாளுக்கு வேறு கை வைத்துக் கொடுத்து, "முன்னைக்கு இப்பம் பொருத்தமா இருக்கு டீச்சர்" என்றாள்.

நவம்பரில் மழை பிடித்தது. கிடா பெருத்தது. நூர்னிசா மறுபடி பெடலை மிதித்தாள். கண் வெள்ளை, வயிறு வற்றியிருந்தது. தெரு பார்த்தது. தெருவுக்குப் பசித்தது.

டிசம்பரில் நோன்பு பிறக்கிறது. அதற்கு முன் நேர்ச்சையை முடிக்க வேண்டும். முடிக்க வேண்டுமென்றால் நூர்னிசாவுக்குச் சொகமாக வேண்டும். அவளோ தினமும் காலையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரு பார்க்க ஒரு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

நேர்ச்சை நிற்கிறது என்றதும் தெருவில் கெட்டது நடக்கத் தொடங்கியது. அதாவது, எப்போதும் நடந்துகொண்டிருந்த கெட்டதற்கு ஒரு காரணம் கிடைத்தது. பள்ளிவாசல் மோட்டார் புகைந்துபோனது. சைக்கிள் கடை நைனா முகமதுவின் சீலிங் ஃபேன் கழன்று, நல்லவேளையாக அவர் தூங்கிக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒருத்தியின் மருமகள் தாய்வீடு போனவள் திரும்பவில்லை. இரண்டாயிரம் பிறக்கும்போது உலகம் அழியும் என்று பத்திரிகைகள் வேறு எழுதிக்கொண்டிருந்தன. அதற்கும் நூர்னிசாவின் மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று டீக்கடையில் ஒரு கருத்து நிலவியது.

நைனா முகமது தெருவின் பெரிய மனிதர். ஃபேன் விழுந்த மறுநாள் வந்தார். அபுபக்கர் நாற்காலி போட்டார். நூர்னிசா மிஷினை நிறுத்தவில்லை.

"ஒரு வார்த்தைதானம்மா" என்றார் அவர். "நிலையில நின்னு சொல்லு. எல்லாரும் சாப்பிட்டுப் போயிருவோம். பொறவு நீ உள்ள போயி மாத்திரையைப் போட்டுக்க. யாரு பாக்கப் போறா?"

"நீங்க பாக்க மாட்டீய மாமு. நான் பாப்பேன்ல?"

"ஊரு ஒலகத்துல யாரும்மா பொய் சொல்லாம இருக்கா?"

"சொல்லட்டும். நான் போன தடவை பொய்யாகாமப் பாத்துக்கிட்டதுக்கு என்ன ஆச்சுன்னு அவியகிட்ட கேளுங்க." கத்தரிக்கோலால் கணவரைக் காட்டினாள். "இவுகளையே யாருன்னு கேட்டேனாம்."

அபுபக்கர் நடுவில் புகுந்தார். "நோன்பு வரைக்குமாவது நிப்பாட்டிப் பாப்பமே நூரு. இப்பத்தான் நல்லா இருக்கியே."

மிஷின் நின்றது.

"நல்லா இருக்கது எதனால?"

அபுபக்கர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க. எதனால?"

"மாத்திரையால."

"அப்பம் எதை நிப்பாட்டச் சொல்லுதீய?"

அபுபக்கர் பேண்டேஜ் கம்பெனிக்கு அன்று கொஞ்சம் முன்னதாகவே புறப்பட்டுப் போனார்.

அடுத்து ஜரீனா. அவள் உள்ளே வரவில்லை. தெருவிலேயே நின்று பேசினாள். நாலு பேர் கேட்காத பேச்சில் அவளுக்கு நம்பிக்கையில்லை.

"ஏட்டி நூரு! ஒனக்காவத்தான நேர்ந்தேன்? ஆஸ்பத்திரியில ஒன் மூத்திரப்பாத்திரம் எடுத்தேம்ட்டி நானு!"

"நான் இல்லைன்னு சொல்லலையே மதினி."

"நேர்ச்சையை நிப்பாட்டினா யாரு தலையில விடியும்? ஒனக்கு மறுபடி வந்துட்டுன்னா?"

"நேர்ச்சை முடிச்சப்பம்லாம் வந்துச்சே, அது யாரு தலையில விடிஞ்சுது?"

ஜரீனா முக்காட்டை இழுத்துச் செருகினாள். பிறகு, "வார ஞாயித்துக்கிழமை அறுக்கேன். நீ சொல்லுத, சாப்பிடுத. அம்புட்டுத்தான்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. நேர்ந்தவள் அவள் என்பதால் ஜரீனா வீட்டு முன் பந்தல். கிடா அண்டாவில் இருந்தது. வாசனை பள்ளிவாசலைத் தாண்டிப் போனதால் அழைக்காதவர்களும் வந்திருந்தார்கள். அசரத் ஓதி முடித்தார். சகன்கள் வைத்தாகிவிட்டது. வெளியே ஆண்கள், உள்ளே பெண்கள். எல்லாக் கைகளும் கழுவப்பட்டு, ஈரம் காய்ந்துகொண்டிருந்தன.

நூர்னிசா நிலைவாசலில் வந்து நின்றாள். தான் தைத்த பச்சை ஜாக்கெட், தலையில் முக்காடு. ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு. இன்னொரு கையை விரித்தாள். மாத்திரை அட்டை.

காலையில் விழுங்குகிறவள், அன்று வேண்டுமென்றே வைத்திருந்தாள். பிதுக்கி எடுத்தாள். பிஸ்மி சொன்னாள். விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். பொறுமையாகக் குடித்தாள்.

"எனக்குச் சொகமாகலை" என்றாள், உள்ளேயும் வெளியேயும் கேட்கும்படி. "ஆகுமான்னு டாக்டருக்கே தெரியலை. இன்னிக்கு இருக்கேன். மாத்திரை தின்னு இருக்கேன். நாளைக்கும் தின்பேன். இதைக் கேட்டபொறவும் பசிக்கிறவிய சாப்பிடுங்க."

அந்தத் தெருவில் அப்படியொரு அமைதி அதற்கு முன் கறி வாசனையோடு சேர்ந்து வந்ததில்லை. நைனா முகமது எழுந்து நின்றார். எழுந்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. சாப்பிடாமல் போனால் கிடா வீண். சாப்பிட்டால் வழக்கம் வீண்.

"அப்பம் இது எதுக்குண்டான சோறு?" என்று கேட்டார்.

"நேர்ந்தது மதினி. அவியளைக் கேளுங்க."

எல்லார் முகமும் ஜரீனா பக்கம் திரும்பியது. ஜரீனா கரண்டியும் கையுமாக அண்டாவுக்கருகில் நின்றிருந்தாள். நூர்னிசாவை முறைத்தாள். பதினாலு வருஷத்து முறைப்பு அத்தனையும் அதில் இருந்தது. நூர்னிசாவும் பதிலுக்கு முறைத்தாள். ஒருத்தியும் கண்ணை எடுக்கவில்லை.

"நான் கேட்டது இவ உசுரை" என்றாள் ஜரீனா கடைசியில். குரல் ஒரு மாதிரி இருந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம். "குடுத்துட்டான். வாயும் சேத்துக் குடுத்துட்டான், அது நான் கேக்காதது. ஏலே, என்ன பாத்துக்கிட்டு இருக்கிய? தின்னுங்கலே!"

முதல் பிடியை யார் வைத்தார் என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. நைனா முகமதுதான் என்கிறார்கள் சிலர். உட்காரும்போது கை தவறிப் பட்டுவிட்டது என்கிறார் அவர். பட்ட கை வாய்க்கும் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. எப்படியோ, ஒரு சகனும் மிச்சம் வரவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகுதான், இது அநியாயம், இப்படி ஒரு நேர்ச்சை உலகத்தில் உண்டா என்று தெரு கோபப்பட்டது. வயிறு நிறைந்த கோபம். மறுநாள் காலை வரை தாங்கியது.

நோன்பு முடிந்தது, இரண்டாயிரமும் பிறந்தது, உலகம் இருந்த இடத்தில் இருந்தது. ஜனவரியில் ஒரு காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் நூர்னிசாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பெத்தம்மாள், பழைய வாடிக்கைக்காரி. மடியில் ஒரு கூடைக் கொய்யா. ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க பாய்வீட்டம்மா, ஆண்டா கோயிலு பக்கமா?"

"ஆஸ்பத்திரிக்கு. ரத்தம் குடுக்க."

"அய்ய! மறுபடியுமா? என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலை" என்றாள் நூர்னிசா. "அதுக்குத்தான் போறேன்."